பூட்டச் சொன்னவர் வாடகையிலும் பங்கெடுக்க வேண்டும்

கல்முனை பஜாரில் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். புடவைக் கடை, சாப்பாட்டுக் கடை, ஹாட்வெயார், மருதமுனைக் கைத்தறி, சம்மாந்துறை அரிசி ஆலை என்று எல்லா வகை ஏடும் என் மேசைக்கு வரும். மாதம் முடிந்தால் ஊழியர் சேமலாப நிதிக்குச் சி படிவம் நிரப்புவேன். நோன்பு வந்தால் ஸக்காத் கணக்குப் பார்ப்பேன். கொரோனாக் காலத்து ஊரடங்கைப் பற்றி வைத்தியர்களும் அரசியல்வாதிகளும் வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் அது எப்படித் தெரிந்தது என்பதை நான் எழுதுகிறேன்.

பல கடைகளின் புத்தகத்தில் 2020 இன்னும் முடிந்தபாடில்லை. 'பழைய பாக்கி' என்ற வரியில் ஏறி, ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிய புத்தகத்துக்கு வந்துவிடுகிறது. கடைகளைப் பூட்டச் சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். பூட்டிய கடைக்கு ஆகும் செலவு யார் தலையில் என்பதைச் சொல்லாமலே பூட்டச் சொன்னார்களே, அதுதான் குறை. இனி எந்தக் காரணத்துக்காக அரசாங்கம் கடையை மூடச் சொன்னாலும், வாடகையில் யாருக்கு எவ்வளவு, சம்பளத்தில் யாருக்கு எவ்வளவு, வட்டிக்கு என்ன வழி என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்க வேண்டும். இதுதான் என் கட்சி.

வியாபாரிகள் லாபத்துக்காக ஊரடங்கை எதிர்த்தார்கள் என்று சிலர் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் அப்படி நடக்கவில்லை. கொரோனாவில் மரணித்தால் ஜனாஸா எரிக்கப்படும் என்ற நிலை 2021 பெப்ரவரி வரை இருந்த நாடு இது. அந்தப் பயத்தோடு வாழ்ந்தவர்கள் கடையைத் திறக்க விடு என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. 2021 ஓகஸ்டில் ஒரு நாளைய மரணம் 200ஐ நெருங்கிக்கொண்டிருந்தபோது, அரசாங்கம் தயங்கிக்கொண்டிருக்கையில், நாட்டின் பல நகரங்களில் வர்த்தகர்கள் தாமாகவே கடைகளைப் பூட்டினார்கள். அரசாங்கத்தின் தனிமைப்படுத்தல் ஊரடங்கு அதன் பிறகுதான், ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு வந்தது. ஒக்டோபர் 1ஆம் திகதி வரை நீடித்தது. உயிர் முக்கியம் என்பதில் வியாபாரிக்கும் வைத்தியருக்கும் சண்டை இல்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். பிறைக் கணக்கில் அது ரஜப் முடியும் தறுவாய். புடவை வியாபாரம் தெரியாதவர்களுக்கு இதன் கனம் விளங்காது. பெருநாளுக்கு விற்கும் உடுப்பை நோன்பில் வாங்குவதில்லை. ரஜபிலும் ஷஃபானிலும் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போய், பழகிய மொத்தக் கடையில் பொதி பொதியாக எடுத்து, பெருநாளுக்குப் பிந்திய திகதி போட்டுச் செக் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தப் பொதிகள் கல்முனைக்கு வந்து இறங்கிய நேரத்தில்தான் ஷட்டர் இறங்கியது.

எங்கள் அம்பாறை மாவட்டத்தில் சில வாரங்களுக்குப் பிறகு பகலில் ஊரடங்கைத் தளர்த்தினார்கள் என்பது உண்மைதான். ஆனால் பள்ளியில் கூட்டுத் தொழுகை இல்லை, திடலில் பெருநாள் தொழுகை இல்லை, விருந்து இல்லை, கல்யாணம் இல்லை. பெருநாள் தினமான மே 24ஆம் திகதியும் மறுநாளும் நாடு முழுக்க மறுபடி ஊரடங்கு. வீட்டுக்குள்ளேயே இருக்கிறவருக்கு எதற்குப் புது உடுப்பு?

அந்த நோன்பில் ஒரு புடவைக் கடை ஹாஜியார் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார். வருடா வருடம் நோன்பின் நடுப்பகுதியில் அவருடைய கடைச் சரக்கை மதிப்பிட்டு, நூற்றுக்கு இரண்டரை ஸக்காத் எவ்வளவு என்று நான் எழுதிக் கொடுப்பது வழக்கம்.

"தம்பி, சரக்கெல்லாம் ரெக்கில இரிக்கி. கையில சல்லி இல்ல. செக்குத் திகதி வருது. இந்த வருசம் நான் ஸக்காத் குடுக்கிற ஆளா, வாங்குற ஆளா எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. சரக்கின் பெறுமதிப்படி அவர் ஸக்காத் கொடுக்க வேண்டியவர். கையிருப்பின்படி அந்த மாதம் வீட்டுக்கு அரிசி வாங்கவே யோசித்தவர். ஊரில் உலர் உணவுப் பொதி பங்கிட்டபோது, முந்திய வருடம் வரை அதற்குக் காசு கொடுத்தவர்கள் சிலருடைய வீட்டுக்கும் இரவில் சத்தமில்லாமல் பொதி போனது எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் சமாளிக்கலாம் என்று நினைத்தார்கள். 2021இல் பெருநாள் மே 14ஆம் திகதி வந்தது. எங்கள் பஜாரில் பெருநாள் ராவு என்றால் சுபஹு வரை விளக்கு அணையாது. கடைசி நேரத்தில் பிள்ளைகளுக்கு உடுப்பும் செருப்பும் வாங்க வாப்பாமார் வருவது அந்த ராவில்தான். மே 13ஆம் திகதி இரவு 11 மணிக்குத் தொடங்கும்படி பயணத்தடை போட்டார்கள். அதுவே பெருநாள் ராவு. ஒரு வாரம் கழித்து, மே 21ஆம் திகதி, ஒரு மாதத்துக்கான முடக்கம் தொடங்கியது.

இதற்கு முந்திய 2019ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் பாதுகாப்புப் படையினருக்கும் ஆயுததாரிகளுக்கும் நடந்த மோதல் நாடறிந்த செய்தி. அதைத் தொடர்ந்து கல்முனைப் பகுதிக்கு ஊரடங்கு, சோதனை, முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் பிரசாரம். அந்த நோன்பும் வெறுமையாகத்தான் போனது. ஆக, வருட வருமானத்தில் பெரும்பகுதியைத் தரும் சீசன் மூன்று வருடம் தொடர்ந்து கைவிட்டுப் போன கடைகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. கொழும்பில் எழுதிய கொரோனா நிவாரணத் திட்டம் எதிலும் இப்படிப்பட்ட கடைக்கு இடம் இல்லை.

சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். 2020 மே மாதத்தில் தொழில் அமைச்சு, தொழில் தருநர் சம்மேளனம், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வேலை கொடுக்க முடியாமல் வீட்டில் இருக்கும் ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபாய், இரண்டில் எது கூடவோ அதைக் கொடுக்க வேண்டும். வேலையாளின் அடுப்பு எரிய வேண்டும் என்ற நோக்கத்தில் இதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வரும் என்பதற்கு உடன்பாட்டில் ஒரே விடைதான் இருந்தது: முதலாளியிடமிருந்து.

மூன்று பேர் வேலை செய்யும் ஒரு சிறிய கடையை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். மூன்று பேருக்கும் 14,500 ரூபாய்ப்படி 43,500. அதற்கு முதலாளி பங்காக சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதமும் சேர்த்தால் இன்னும் 6,525. ஆக மொத்தம் 50,025. கடை வாடகை 30,000 என்று வைத்துக்கொள்வோம். கடன் வட்டியைச் சேர்க்காமலே, திறக்காத ஒரு கடைக்கு மாதம் 80,000 ரூபாய் செலவு. விற்பனை பூச்சியம். நூறு தையல் இயந்திரம் ஓடும் தொழிற்சாலைக்கும் மூன்று பேர் நிற்கும் கடைக்கும் ஒரே விதி எழுதினால், சின்னக் கடைக்காரருக்கு இரண்டு வழிதான் மிஞ்சும்: கடன் வாங்கிச் சம்பளம் கொடுப்பது, அல்லது "நிலைமை சரியானதும் கூப்பிடுறன் தம்பி" என்று அனுப்பிவிடுவது.

எங்கள் பஜாரில் நடந்தது பெரும்பாலும் இரண்டாவது. ஏனென்றால் அந்த 14,500 ரூபாய் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. சாப்பாட்டுக் கடையில் கொத்து போடுகிறவர், ரொட்டி தட்டுகிறவர், மேசை துடைக்கிற பையன் எல்லாரும் நாட்சம்பளம். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் மலையகத்திலிருந்து வந்து வேலை செய்த ஆட்கள் ஊருக்குப் போகப் பாதையில்லாமல் மேல்மாடி அறையிலேயே அடைபட்டார்கள். முதலாளி மூன்று வேளையும் சோறு போட்டார். சம்பளம் கொடுக்கவில்லை; கொடுக்க இருக்கவும் இல்லை. ஒரு நாள் வேலை செய்தாலும் சேமலாப நிதிக்குப் பதிய வேண்டும் என்று 1958ஆம் ஆண்டிலிருந்து சட்டம் சொல்கிறது. எங்கள் முதலாளிமாரில் பலர் அதைச் செலவாக மட்டுமே பார்த்தார்கள். கடை மூடிய நாளில் அந்த வேலையாட்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாத மனிதர்கள் ஆனார்கள். அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய்க்குக் கிராம சேவகரிடம் போனால், அவர்களுடைய பெயர் வேறு மாவட்டத்தில். இந்தப் பழியில் முதலாளிமாருக்கும் நேர்பாதி உண்டு.

மருதமுனையில் கதை வேறு. அங்கே தறி வீட்டிலேயே இருக்கிறது. நெசவாளர் வெளியே போகத் தேவையில்லை, தொற்றுப் பயமும் குறைவு. அப்படியானால் வேலை நடந்திருக்க வேண்டுமே? நூல் வரவில்லை, சாயம் வரவில்லை, நெய்த சாரனை வாங்கக் கடை திறந்திருக்கவில்லை. துண்டுக்குக் கூலி என்பதால், நெய்யாத நாளுக்குக் கூலியும் இல்லை. மீனவரின் நிலையும் இதேதான். கடலுக்குப் போக அனுமதி இருந்தது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவி அதை மூடியதும், கொழும்புக்குப் போகும் மீன் லொறி நின்றது; மக்கள் மீன் வாங்கவும் பயந்தார்கள். முன்னாள் அமைச்சர் ஒருவர் ஊடகச் சந்திப்பில் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் அளவுக்குச் சந்தை விழுந்தது. மூடச் சொல்லாத தொழிலும் மூடுகிறது. ஆனால் 'உனக்கு விலக்கு இருந்ததே' என்று சொல்லி நிவாரணக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை.

ஊருக்குள் ஒரு பகுதியை மட்டும் மூடியபோது வேறொரு அநியாயம் நடந்தது. 2020 நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றைத் தனிமைப்படுத்தினார்கள். டிசம்பர் கடைசியில் கல்முனையில் செய்லான் வீதியிலிருந்து வாடிவீட்டு வீதி வரை. பஜாரே அதற்குள்தான். தொற்று எங்கே அதிகமோ அங்கே மூடுவது சுகாதாரப்படி சரியான முடிவு. ஆனால் வியாபாரத்தின்படி, நாடு முழுக்க மூடுவதை விட இதில் அடி பலம். எல்லாரும் மூடினால் வாடிக்கையாளர் காத்திருப்பார். ஒரு பகுதி மட்டும் மூடினால், அவர் பக்கத்து ஊருக்குப் போய் வாங்கிவிடுவார். அங்கே பழகியும் விடுவார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்கு அது நல்ல மாதம், இந்தப் பக்கம் இருந்த கடைக்கு வாடகை மட்டும். ஊரின் நன்மைக்காக மூடியவர் தன் வாடிக்கையை அடுத்தவருக்குத் தாரை வார்த்தார். அதற்கு ஈடு என்று ஒரு சதமும் வரவில்லை.

நிவாரணம் வரவே இல்லையா என்றால், வந்தது, கடனாக. மத்திய வங்கி 4 சதவீத வட்டியில் தொழில் மூலதனக் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தது. கடன் தவணையை ஒத்திவைக்கவும் சொன்னது. நூற்றுக்கு நாலு குறைந்த வட்டிதான். அதற்கு விண்ணப்பிக்க கணக்கறிக்கை, வங்கிக் கூற்று, வரிப் பத்திரம் எல்லாம் வேண்டும். நான் தயாரித்துக் கொடுத்த கோவைகளில் போய்ச் சேர்ந்தவை ஒழுங்காகப் புத்தகம் வைத்திருந்த பெரிய கடைகளினுடையவைதான். வட்டி என்றாலே கை நீட்டாத வியாபாரிகள் எங்கள் ஊரில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 4 சதவீதம் என்ன, 1 சதவீதம் என்று சொன்னாலும் அது நிவாரணம் ஆகாது. ஒத்திவைத்த தவணையும் மாண்டுபோகவில்லை. ஒத்திவைத்த காலத்துக்கான வட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றது.

அது வந்து நின்ற நேரம் 2022. டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஊரடங்குக் காலத்தில் சம்பளமும் வாடகையும் கொடுக்கச் சாதாரண வங்கிக் கடன் எடுத்தவர்களின் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டுக் காணியை ஈடு வைத்தவர்களுக்கு, வழக்கில்லாமலே சொத்தை ஏலம் போட வங்கிக்கு அதிகாரம் தரும் 1990ஆம் ஆண்டின் பரேட் சட்டத்தின் கீழ் கடிதம் வரத் தொடங்கியது. வியாபாரிகள் கத்திய கத்தலில் 2024இல் திருத்தம் கொண்டுவந்து, அவ்வருடம் டிசம்பர் 15 வரை அந்த அதிகாரத்தை நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2025 மார்ச் 31 வரை நீடித்தார்கள். 2020இல் ஷட்டரை இறக்கியதால் வந்த கடனுக்கு 2025 வரை பாராளுமன்றம் தவணை கொடுத்துக்கொண்டிருந்தது என்றால், அந்தக் கடன் முதலிலேயே அந்த வியாபாரியின் தலையில் முழுசாக ஏறியிருக்க வேண்டுமா?

2004இல் கடல் வந்து எங்கள் கரையை அடித்துப் போனபோது, இடிந்த கடையைப் படம் பிடித்தார்கள், மதிப்பிட்டார்கள், உதவி வந்தது. 2020இல் சுவர் இருந்தது, கூரை இருந்தது, சரக்குக் கூட இருந்தது. படம் பிடிக்க ஒன்றும் இல்லாததால் நட்டம் இல்லை என்று ஆகிவிட்டது.

மற்ற நாடுகள் என்ன செய்தன? பிரித்தானியாவில் வேலையில்லாமல் இருத்தி வைத்த ஊழியரின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண் வரை, அரசே கொடுத்தது. 2021 செப்டெம்பர் வரை அத்திட்டம் நடந்தது. அது பணக்கார நாடு, விட்டுவிடுவோம். சிங்கப்பூரின் வாடகை ஏற்பாடு எங்களுக்கு நெருக்கமானது. விற்பனை பெரிதாக விழுந்த சிறு கடைகளுக்கு நான்கு மாத வாடகை வரை தள்ளுபடி என்று சட்டம் போட்டு, அதன் பாரத்தை அரசும் கட்டட உரிமையாளரும் பகிர்ந்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது தொகை அல்ல, பகிர்வு.

அரசாங்கத்திடம் காசு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2019 கடைசியில் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8க்குக் குறைத்துவிட்டு, மூன்று மாதத்தில் தொற்றைச் சந்தித்த திறைசேரி அது. ஆனால் வாடகையைப் பகிர்வதற்குத் திறைசேரியில் காசு தேவையில்லை. விதி தேவை. 'அரச உத்தரவால் மூடிய நாட்களுக்குப் பாதி வாடகை' என்று ஒரு வரி இருந்திருந்தால், வாடகைக்காரரும் உரிமையாளரும் முகம் சுளிக்காமல் பேசி முடித்திருப்பார்கள். வரி இல்லாததால் ஆளைப் பார்த்து முடிந்தது: இரக்கமுள்ள உரிமையாளர் விட்டுக்கொடுத்தார், மற்றவர் அட்வான்ஸில் கழித்தார்.

உரிமையாளர் எல்லாரும் பணக்காரர் என்றும் நினைக்கக் கூடாது. எங்கள் பஜாரில் பல கடைகள் பள்ளிவாசல் வக்பு சொத்து. அந்த வாடகையில்தான் இமாமுக்கும் முஅத்தினுக்கும் சம்பளம் போகிறது. சீதனமாக வந்த ஒரு கடையின் வாடகையை நம்பி வாழும் விதவைத் தாய்மாரும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த வருடச் சோலை வரியைத் தள்ளுபடி செய்யலாம்; பாதி வாடகை இழந்தவரின் பாரத்தில் உள்ளூராட்சி சபையும் கொஞ்சம் ஏற்றதாகும்.

சம்பளத்துக்கும் வழி உண்டு. நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளிமார் மாதாமாதம் 3 சதவீதம் கட்டுகிறார்கள். இனிமேல் கட்டும் பணத்தில் ஒரு பங்கை, அரச உத்தரவால் மூடும் காலத்துச் சம்பளத்துக்கென்று தனியாக ஒதுக்கலாம். அது ஊழியரின் பணம், அதில் கை வைக்கக் கூடாது என்று தொழிற்சங்கங்கள் சொல்லும். சேர்ந்துவிட்ட பணத்தில் கை வைக்கச் சொல்லவில்லை. இனி வருவதில் ஒதுக்கி, அந்த ஊழியரின் கைக்கே, அவருக்கு மிகவும் தேவையான மாதத்தில் போகச் சொல்கிறேன். ஒரு நிபந்தனை வேண்டும்: சி படிவம் நிரப்பி ஒழுங்காகக் கட்டிய கடைக்கு மட்டும்தான் அந்த உதவி. பதியச் சொல்லி அதிகாரி வந்து மிரட்டுவதை விட இந்த நிபந்தனை வேலை செய்யும். மூடிய நாட்களுக்கு வங்கி வட்டி ஓடக்கூடாது என்பதையும் அதே சட்டத்தில் சேர்க்கலாம். எந்த நாள் மூடினோம் என்பது அரசாங்க அறிவித்தல்களில் இருக்கிறது, எண்ணுவது கஷ்டமில்லை.

தொற்று வந்தால்தான் கடை மூடும் என்றில்லை. கலவரத்துக்கு ஊரடங்கு, வெள்ளத்துக்கு விடுமுறை, அரசியல் நெருக்கடிக்கு அவசரகாலம் என்று எங்கள் கரையில் ஷட்டர் இறங்காத வருடம் குறைவு. 2020இல் கையில் இருந்த தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டுடையது. மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை என்பதை ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு எங்கள் ஊர்ச் சிறுபிள்ளைக்கும் மனப்பாடம். வாடகையைப் பற்றி எந்த ஒலிபெருக்கியும் பேசவில்லை. வர்த்தக சங்கங்கள் வருடாந்தக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவதைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, இந்த ஒரு கோரிக்கையை எழுத்தில் கொடுக்கட்டும். பாராளுமன்றம் அசைய நாள் எடுக்கும். அதுவரை உள்ளூராட்சி சபைகள் தமது சொந்தக் கடைத்தொகுதிகளின் குத்தகைப் பத்திரத்தில், அரச உத்தரவால் மூடப்படும் நாட்களுக்குப் பாதி வாடகை என்ற வாசகத்தைச் சேர்க்கலாம். அதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. சபையில் ஒரு தீர்மானம் போதும்.